தரைக்கு யார் காசு?

காலி செய்யும் நாளில்தான் கட்டட உரிமையாளரின் கண்ணுக்குத் தரை தெரியும். மேசைக்கும் பீரோவுக்கும் அடியில் மறைந்துகிடந்த கீறல், விரிசல், துருக்கறை எல்லாம் அன்றைக்கு வெளியே வரும். "டைல்ஸ் போச்சு சார், அட்வான்ஸ்ல கழிச்சுக்கிறேன்" என்பார். "பத்து வருஷம் நடந்தா தேயாதா?" என்று இவர் கேட்பார். கடலூர் சிப்காட்டானாலும் சென்னை மவுண்ட் ரோடானாலும் வசனம் இதேதான்.

இந்தச் சண்டை பழசு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 108ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், குத்தகைதாரர் இடத்தை எடுத்தபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும்; நியாயமான தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் அவர் தலையில் விழாது. ஆள் நடந்து மங்கிய தரை உரிமையாளர் கணக்கு. இயந்திரத்தைப் போட்டு உடைத்த தரை குடியிருந்தவர் கணக்கு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவும் துணைக்கு வருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: எப்படியும் இடிக்கப்போகும் கட்டடத்துக்கு ரிப்பேர் செலவு கேட்க முடியாது.

எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. எடுத்தபோது என்ன நிலை? அதற்குச் சாட்சி யார்?

இதே கேள்வியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சிப்காட்டின் கதை. 1971இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனமே ஒரு நிலக்காரர். மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தருகிறது. கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, 1980களில் வளர்ந்த தொழிற்பேட்டையில் ரசாயனம், மருந்து, சாயம் தயாரிக்கும் ஆலைகள் வந்தன. இங்கே தரை என்பது டைல்ஸ் அல்ல. மண்ணும் அதன் அடியில் ஓடும் தண்ணீரும். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட கணக்கில் கடலூருக்கு 77.45. 70ஐத் தாண்டினாலே மிக மோசம் என்று பொருள். இதை நியாயமான தேய்மானம் என்று யார் சொல்ல முடியும்?

குத்தகைதாரர் போன பிறகு என்ன மிஞ்சும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுப் போனது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் கிணற்று நீரே நிறம் மாறியது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் 1996 பிப்ரவரியில் சொன்னது. அதே ஆகஸ்டில், வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், அந்தக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆனால் பிச்ரி ஆலைகள் மனுமேல் மனு போட்டு இழுத்தன. கடைசி உத்தரவு 2011இல்தான் வந்தது: 37.385 கோடி ரூபாய், 1997 முதல் 12 சதவீதக் கூட்டு வட்டியோடு.

கடலூரில் சாட்சி சேர்த்தவர்கள் ஊர்க்காரர்களே. 2004இல் சிப்காட்டை ஒட்டிய கிராமங்களில் நாற்றம் வந்த நேரத்தைக் குறித்துவைத்து, வாளிக்குள் பை பொருத்தி காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சாவி வாங்கும் அன்றே தரையைப் படம் எடுத்துவைக்கும் வாடகைதாரர் செய்வதும் இதுதான்; இவர்களுக்கு அது பல வருடம் பிந்திக் கிடைத்தது.

ஆபீஸ் தரைத் தகராறில் இரண்டு பேர். இருவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். தோற்றாலும் அட்வான்ஸ்தான் போகும். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இருப்பவர்கள் எந்தக் குத்தகையிலும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் பெயரில் யாரிடமும் அட்வான்ஸும் இல்லை. மனையைக் கொடுக்கும்முன் மண்ணையும் நீரையும் சோதித்து, அந்த அறிக்கையை ஊராட்சியில் ஒரு பிரதி வைக்கவேண்டும் என்று கேட்பது, நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கும் சட்டத்தை அவர்களுக்கும் பொருத்தச் சொல்வதுதான்.