ஒரு வெள்ளிக்குக் கைமாறிய பட்டறை



செம்பவாங் என்றதும் இளையோருக்குக் கடற்கரைப் பூங்காவும் வெந்நீர் ஊற்றும் நினைவுக்கு வரும். மூத்தோர் நாவில் முதலில் எழுவது ‘நேவல் பேஸ்’ என்ற சொல்லே. வேலை விதிகள் தொழிலாளிக்கும் நிறுவனத்திற்கும் என்ன செய்கின்றன என்பதை அறிய, அந்தக் கடற்படைத் தளத்தின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

பிரிட்டிஷார் 1938இல் இங்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஓர் உலர்துறையைத் திறந்தனர். போருக்குப் பின் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாகத் தளத்தில் வேலை செய்தனர். இன்று ஈசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், தளத்து ஊழியர் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்ததே. கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கம் அக்காலத்தில் வலிமைமிக்கது. அதன் செயலாளராக விளங்கிய வுட்ஹல், 1963 பிப்ரவரியில் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் கைதானார்.

வேலை நேரம், மிகைநேர ஊதியம், விடுப்பு, இடமாற்றம், பணிநீக்கம் ஆகியவற்றை வரையறுப்பனவே வேலை விதிகள். மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாமல் வாழ, ஏழைத் தொழிலாளி எழுப்பிய வேலி அது. எனினும் வேலியும் சில வேளைகளில் பாதையை மறிக்கும். பொது விடுமுறையில் மும்மடங்கு ஊதியம் கிடைத்ததால், துப்புரவுத் தொழிலாளர் விடுமுறைக்கு முன் குப்பையைத் தேங்கவிட்டனர் என்று லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். இஃது அரசின் தரப்பு. விடுமுறை ஊதியத்தை எதிர்பார்த்து வாழுமளவு அன்றாடக் கூலி குறைவாயிருந்ததா என்பது தொழிலாளர் தரப்பின் கேள்வி. இரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

1968 ஜனவரியில் பேரிடி விழுந்தது. தம் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது! அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைப் பட்டறை ஒரே ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பவாங் கப்பல் பட்டறை பிறந்தது. அதை நிர்வகிக்க பிரிட்டனின் சுவான் ஹண்டர் நிறுவனம் அமர்த்தப்பட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடற்படை தன் சொந்தக் கப்பல்களைப் பழுதுபார்த்தபோது வாடிக்கையாளரைத் தேடவில்லை. வணிகக் கப்பலோ உலர்துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நட்டம். தாமதமானால் அடுத்த முறை வேறு துறைமுகத்திற்குச் செல்வார். பிரிட்டனிலேயே 1955-56இல், கேமல் லெயர்ட் கப்பல் கட்டுமிடத்தில், துளையிடுவது எந்தச் சங்கத்தாரின் வேலை என்ற சண்டையால் மாதக்கணக்கில் பணி தடைபட்டது.

1968 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த வேலை நியமனச் சட்டம், எழுத்தர், கடைச் சிப்பந்தி, தொழிலாளி என மூவருக்கும் தனித்தனியே இருந்த சட்டங்களை ஒன்றாக்கியது. வாரத்திற்கு 44 மணி நேர வேலை, ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் என வகுத்தது, போனசுக்கும் வரம்பிட்டது. திருத்தப்பட்ட தொழில் உறவுச் சட்டமோ, பணியமர்த்தல், பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, பணிநீக்கம் ஆகியவற்றைக் கூட்டுப் பேச்சுவார்த்தையிலிருந்தே அகற்றியது. அப்போதைய தொழில் அமைச்சர், யாழ்ப்பாணத் தமிழரான எஸ். ராஜரத்தினம்.

விளைவு என்ன? 1961இல் மட்டும் 116 வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1969இல் ஒன்றுகூட இல்லை. முதலீடுகள் வந்தன, பட்டறையும் நிலைத்தது. ஆயினும் அனைவரும் கரையேறவில்லை. குடியுரிமை பெறாத இந்திய ஊழியர் பலர், கைக்குக் கிடைத்த பணிக்கொடையுடன் ஊர் திரும்பினர். பல்லாண்டு உழைப்பு ஒரு கப்பல் பயணத்தோடு முடிந்தது.

விட்டுக்கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? தேவன் நாயர் தலைமையில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1969இல் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் கருத்தரங்கை நடத்தியது. 1970இல் இன்கம் காப்புறுதிக் கூட்டுறவு தோன்றியது. 1972இல் அரசு, முதலாளி, தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் அமர்ந்து ஊதிய உயர்வைப் பரிந்துரைக்கும் தேசியச் சம்பள மன்றம் அமைந்தது. இழந்த உரிமைக்கு ஈடாக, ஊதியம் குறித்துப் பேசும் மேசையில் ஓர் இருக்கை கிடைத்தது எனலாம்.

ஆனால் இருக்கை மட்டும் போதுமா? 1986 ஜனவரியில், சங்கத்தினர் பழிவாங்கப்படுகின்றனர் என்று கூறி, ஹைட்ரில் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர் 61 பேர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு இசைவு தந்தவர் காங்கிரசின் பொதுச்செயலாளரும் அப்போதைய துணைப் பிரதமருமான ஓங் டெங் சியோங்! பேச்சுக்கு அப்பால் வைக்கப்பட்ட உரிமைகள், அநீதி நேரும்போது மீண்டும் வாசலுக்கு வந்து நிற்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

விதி இறுகினால் நிறுவனம் தளரும். நிறுவனம் தளர்ந்தால் வேலை போகும். விதியே இல்லாவிடில், வேலை இருந்தும் மதிப்பு இராது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியைச் செம்பவாங் தேர்ந்தெடுத்தது. அதன் விலையை முதலில் கொடுத்தவர் நம் முன்னோரே. நாட்டின் வளர்ச்சியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, அவர்களுடைய பங்கையும் சேர்த்துச் சொல்வது நம் கடமையாகும். தளத்தில் உழைத்த பெரியவர்கள் உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றே அருகமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.