போருக்குப் பின் பினாங்கின் ஆங்கில வகுப்பு

பினாங்குத் தீவில் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்குப் 'பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்' என்று பெயர். இதனை இலவசப் பள்ளி எனப் பொருள் கொள்வோர் உண்டு. கட்டணம் இல்லை என்பதன்று அதன் கருத்து. இனமும் சமயமும் பாராமல் எவரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி என்பதே கருத்து. தொடக்கத்தில் அங்கே தமிழ் வகுப்பும் இருந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. எவ்வாறாயினும், நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் பினாங்கின் ஆங்கிலக் கல்வி எல்லாரும் சமம் என்றதொரு வாக்கைப் பெயரளவிலேனும் தாங்கி வந்தது.

அவ்வாக்கை ஆட்சியாளரே பொய்யாக்கினர். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின, கடைவீதிகள் எரிந்தன. அடுத்த சில நாட்களில் ஐரோப்பியர் இரவு வேளைகளில் கப்பலேற்றப்பட்டனர். சீனர், மலாயர், தமிழர் கைவிடப்பட்டனர். வெள்ளையர் போய்விட்டதை அறிந்த 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரில் பிரிட்டிஷார் இல்லை என்று வானொலியிலும் அறிவித்தார். குண்டுவீச்சு நிற்கட்டும் என்பதே நோக்கம். ஆங்கில ஏடு நடத்திய இலங்கைத் தமிழர் ஒருவரின் கையால் ஆங்கிலேயர் கொடி இறங்கியதைவிடக் கூர்மையான பாடத்தை எந்த ஆங்கில வாசகப் புத்தகமும் கற்பித்திருக்க முடியாது. ஜப்பானியர் 19ஆம் நாள் வந்திறங்கினர். பின்னர் அவரைச் சிறையிலும் அடைத்தனர்.

ஜப்பானியர் காலத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் போய் நிப்பொன்கோ வந்தது. திரைக்கலைஞர் பி. ராம்லி அக்காலப் பிள்ளைகளுள் ஒருவர். ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் பயின்று, போர் முடிந்தபின் மீண்டும் ஃப்ரீ ஸ்கூலில் அமர்ந்தவர். 1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் திரும்பியபோது, செயின்ட் சேவியர் கல்வி நிலையம் நேச நாட்டுக் குண்டுகளால் இடிபாடாய்க் கிடந்தது. மற்றப் பள்ளிகள் திறந்தன. மூன்றரை ஆண்டுப் படிப்பை இழந்த பிள்ளைகள் வயது மீறியவர்களாய்க் கீழ் வகுப்புகளில் நெருங்கி அமர்ந்தனர். அவர்கள் எழுத வேண்டிய தேர்வு முன்போலவே கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. கொடி இறங்கியதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, அக்கொடியின் பெருமையைப் பேசும் பாடங்கள் எவ்வாறு இனித்திருக்கும்?

ஆயினும் பாடத்தைக் காட்டிலும் பெரிய அநீதி வகுப்பின் வாயிலில் நின்றது. தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு முடிந்தன. தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி என ஒன்று இல்லை. அக்கரையில் வெல்லெஸ்லி மாகாணத் தோட்டங்களில் பிறந்த பிள்ளை எழுத்தர் வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போக விரும்பினால் ஆங்கிலமே வழி. ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில் இருந்தது. அதற்குக் கட்டணமும் உண்டு. பட்டணத்து எழுத்தரின் மகன் எளிதாய் ஏறிய படி, பால்மரத் தொழிலாளியின் மகனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

1951இல் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்று மொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகளை முன்மொழிந்தது. எல்லாருக்கும் ஒரே பள்ளி என்பது கேட்பதற்கு நீதியாகவே ஒலித்தது. ஆனால் அதன் விலை தாய்மொழிப் பள்ளிகள். சீனரும் தமிழரும் எதிர்த்ததில் வியப்பில்லை. அது அவசரகாலப் போராட்டம் மூண்டிருந்த வேளை. பினாங்கு சுங் லிங் உயர்நிலைப் பள்ளியில் சீனம், மலாய், ஆங்கிலம் மூன்றையும் வற்புறுத்திய முதல்வர் டேவிட் சென் 1952இல் கொலையுண்டார். எந்த மொழியைக் கற்பிப்பது என்பது உயிரைக் கேட்கும் கேள்வியாகியிருந்தது.

1956இன் ரசாக் அறிக்கை வேறு வழி கண்டது. தாய்மொழித் தொடக்கப் பள்ளிகள் நிலைத்தன. எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் மலாயாவை மையமாக்கிய பொதுப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் லிவர்பூல் அருகே கெர்க்பியில் 1952 முதல் 1962 வரை நடந்த மலாயா ஆசிரியர் கல்லூரியில் பயின்றனர். போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிலாளர் தங்கிய கட்டடங்கள் அவை. மூவினத்து இளைஞரும் அங்கே ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். துங்கு 1956இல் விடுதலை நாளை அறிவித்ததும் அங்கேதான்.

தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு இவற்றினும் முக்கியமானது 'ரிமூவ்' எனப்பட்ட புகுமுக வகுப்பு. தமிழில் ஆறாண்டு படித்தவன் ஓராண்டு ஆங்கிலத்தில் மூழ்கி, பின் ஆங்கிலவழி முதலாம் படிவத்தில் சேரலாம். வாயில் திறந்தது, ஆனால் நுழைவுக் கட்டணம் ஓராண்டு வயது. ஆங்கிலத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு அந்தச் செலவு இல்லை. முழு நீதி என இதனைச் சொல்லவியலாது. ஆயினும் தாய்மொழியைப் பறிக்காமல் வாயிலைத் திறந்த வகையில் பார்ன்ஸின் ஒரே பள்ளியைவிட இது மேலானது. 1965இல் உயர்நிலை நுழைவுத் தேர்வும் நீங்கியபின் அவ்வழியே சென்றோர் பெருகினர்.

1970இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாய் மலாய்வழிக்கு மாறின. ஃப்ரீ ஸ்கூலும் மாறியது, பழைய பெயரை மட்டும் விடாமல். புகுமுக வகுப்பு நின்றுவிடவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அங்கே அமர்ந்து ஆங்கிலத்துக்குப் பதிலாக மலாயைப் பயிலலானான்.