கட்குழிக்கு ஓர் உலோகத் தளம்

மனித உடலிலுள்ள என்புகளுட் சில வன்மையினாற் பயன்படுவன. சில மென்மையினாற் பயன்படுவன. கண்ணைத் தாங்கி நிற்கும் கட்குழியில் இவ்விரு வகையும் ஒருங்கே அமைந்துள்ளன. ஏழு என்புகள் கூடி ஆக்கிய இக்குழியின் விளிம்பு தடித்தது, எளிதில் உடையாதது. ஆனால் அதன் தளமோ பல இடங்களில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தானும் இல்லாதது. மூக்குப் பக்கத்துச் சுவர் இன்னும் மெல்லியது. உடற்கூற்று நூலார் அதனைக் கடதாசித் தகட்டுக்கு ஒப்பிட்டனர். தளத்தின் கீழே இருப்பது மேற்றாடை என்பினுள் அமைந்த காற்றறை.

கைமுட்டியோ விரைந்து வரும் பந்தோ கண்ணில் மோதும்போது, பல சமயங்களில் விளிம்பு உடைவதில்லை. தளமே உடைந்து கீழே தாழ்கின்றது. கண்ணைச் சூழ்ந்த கொழுப்பும், சில வேளைகளில் கண்ணை அசைக்கும் தசையும் அப்பிளவினூடே காற்றறைக்குள் இறங்கிவிடுகின்றன. பார்வை கெடாமலே கண் உட்குழிந்து போகின்றது. மேலே நோக்குங்கால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றுகின்றது. படியில் இறங்குபவனுக்கும் வண்டி ஓட்டுபவனுக்கும் இந்த இரட்டைப் பார்வை எத்துணை இடர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடிபட்ட கண் பார்வை குன்றாமலே உட்குழிந்து போவதை 1889ஆம் ஆண்டில் லாங் என்னும் ஆங்கிலேயக் கண் வைத்தியர் எடுத்துரைத்தார். அதன் காரணம் பரிசோதனையால் விளக்கப்பெற்றது 1957ஆம் ஆண்டிலாகும். நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்மித், றீகன் என்னும் இருவர், இறந்தவர் ஒருவரின் மூடிய இமைமேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்தனர். விளிம்பு சிதையாதிருக்கத் தளம் மட்டும் உடைந்தது. கண்ணின் மேல் விழுந்த அழுத்தம் குழியெங்கும் பரவி, வலுக்குறைந்த இடத்தைத் தகர்த்துக்கொண்டு வெளியேறுகின்றது என்பது அவர்தம் முடிபு. விளிம்பிற் பட்ட அடி தளத்தை வளைத்து முறிக்கின்றது என்பது வேறொரு சாரார் கொள்கை. இரண்டும் நிகழக்கூடியனவே என இன்று கருதப்படுகின்றது. எவ்வாறாயினும், தளம் உடைவதனாற் பல வேளைகளிற் கண் தப்புகின்றது என்பது இதனாற் புலனாகும்.

காரணம் தெரிந்தபின் எழுந்த வினா, கத்தியை எடுப்பதா, பொறுத்திருப்பதா என்பது. உடனே சத்திரசிகிச்சை செய்வதே நன்றெனப் பலர் கொண்டனர். 1974ஆம் ஆண்டில் பட்டர்மனும் அவருடன் ஆய்ந்தோரும், சத்திரசிகிச்சையின்றிக் கவனிக்கப்பெற்ற 57 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். வீக்கம் வற்ற வற்ற இரட்டைப் பார்வை பலருக்குத் தானே குறைந்ததை அது காட்டியது. ஆகவே, சிறிய உடைவாயிற் சில நாள் பொறுத்துப் பார்த்தலும், பெரிய உடைவாயின் ஏறத்தாழ இரு வாரத்துள் செப்பனிடுதலும் பின்னர் வழக்காயின. சிறுவருக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அவர்தம் என்பு வளைந்து மீள்வதால், பிளவு கதவுபோல மூடித் தசையைக் கவ்விக்கொள்ளும். கண் சிவக்காதிருக்கவும் வாந்தியும் நாடித் தளர்ச்சியும் தோன்றலாம். தலையில் அடியென்று தவறாக எண்ணிக் காலந்தாழ்த்தினால் தசை கெட்டுவிடும்.

உடைந்த தளத்தை எதனால் நிரப்புவது? நோயாளியின் இடுப்பென்பையோ விலாவென்பையோ மண்டையோட்டின் மேற்படையையோ கொய்து வைத்தனர். அது உடலுக்கு உறவான பொருளே. எனினும் இன்னொரு காயம் வேண்டியதாயிற்று. வைத்த என்பும் காலப்போக்கிற் கரைந்து குறையலாயிற்று. சிலிக்கோன், ரெப்லோன் முதலிய செயற்கைத் தகடுகளுட் சில இடம்பெயர்ந்தன. சில ஆண்டுகள் கழிந்தபின்னும் சீழ் பிடித்தன.

இந்நிலையிற் கைகொடுத்தது தைத்தேனியம் என்னும் உலோகம். 1791இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியிற் குருவாயிருந்த வில்லியம் கிறெகர், ஓடைக் கருமணலில் அதனைக் கண்டார். 1795இல் ஜேர்மனிய இரசாயனர் கிளாப்ரொத் கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரை அதற்கு இட்டார். தூய உலோகமாக அது 1910இல் ஹன்ரர் கைக்கு வந்தது. 1930களில் லக்சம்பேர்க்கின் குரோல் வகுத்த முறையே அதனைப் பெருமளவிற் பெற வழிசெய்தது. 1940இல் விலங்கின் என்பிற் செய்த சோதனைகளும், 1951இல் லெவென்தால் எழுதிய கட்டுரையும் உடல் அதனைப் பகையாகக் கொள்ளாதென்பதைக் காட்டின. 1950களில் சுவீடன் நாட்டு பிரனமார்க், முயலின் என்பிற் பதித்த தைத்தேனியக் கருவியைக் கழற்ற முடியாதவாறு என்பு பற்றிக்கொண்டதைக் கண்டு, 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குத் தைத்தேனியப் பல்வேரைப் பொருத்தினார். உலோகத்தின் மேற்பரப்பில் தானாகவே படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படையே இந்த இணக்கத்துக்குக் காரணம்.

இவ்வுலோகத்தின் துளைத் தகடுகளும் வலைகளும் 1980களின் பிற்பகுதி தொடக்கம் கட்குழிச் சிகிச்சையிற் பரவின. கீழிமையின் உட்புறமாகச் சென்று, இறங்கிய கொழுப்பையும் தசையையும் மேலே தூக்கி, அரை மில்லிமீற்றரினும் மெல்லிய வலையைக் குழியின் வளைவுக்கேற்ப வளைத்து, உடையாது நிற்கும் என்பின்மேற் படியவைப்பர். கண்ணிகளினூடே குருதி வடிந்துவிடும். இழையங்கள் ஊடுருவி வளரும். 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்த பின் வளர்ந்த சி.ரி. ஸ்கான், உடைவின் அளவைத் தெளிவாகக் காட்டிற்று. இன்று நலமான கண்ணின் குழியைக் கணினியிற் புரட்டி, அதற்கொத்த வலையை முன்கூட்டியே வார்ப்பதும் உண்டு.

எனினும் வலையிலும் குறையுண்டு. வெட்டிய ஓரம் கூரியது, தசையை உறுத்தும். ஊடுருவி வளர்ந்த இழையமே, பின்னர் வலையை அகற்ற நேரின் பெரும் இடையூறாகும். பின்புறத்திற் பார்வை நரம்பு அண்மையிலிருப்பதாற் கை ஓரிரு மில்லிமீற்றர் தவறினும் பார்வைக்கே கேடு நேரலாம். பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், எப்போது வைப்பது, எப்போது விடுவது என்னும் தெளிவே நோயாளியைக் காக்கின்றது.

ஈழத்தின் புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலிற் பெரும்பங்காயுள்ள இல்மனைற்றும் தைத்தேனியத்தின் மூலக்கனியமே. கிறெகர் ஓடைக்கரையிற் கண்ட மணலிலும் இருந்தது அதுவே. அம்மணலினின்று கட்குழியின் தளம்வரை அவ்வுலோகம் வந்துசேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன.