தான் எரித்த நிலம்: 1918 மார்ச் தாக்குதல்

1917 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் ஜெர்மானியத் தளபதிகள் சிலர் கூடிப் பேசினார்கள். அவர்களில் முதன்மையானவர் எரிக் லூடன்டார்ஃப். பெயரளவில் ஹிண்டன்பர்குக்குத் துணைவர். நடைமுறையில் ஜெர்மனியின் போரை நடத்திக்கொண்டிருந்தவர். மேற்குமுனையில் இறுதியாக ஒரு பெருந்தாக்குதலை நடத்துவது என்பதே அன்றைய பேச்சின் சாரம். சரியாக ஓராண்டுக்குப் பின், 1918 நவம்பர் 11 காலையில், அதே மோன்ஸ் நகருக்குள் கனடியப் படைகள் நுழைந்திருந்தன, போரும் முடிந்தது. வரலாறு சிலசமயம் மலினமான நாவலாசிரியனைப்போலத் தற்செயல்களைக் கோத்துவைக்கிறது. ஆனால் அவ்விரு தேதிகளுக்கும் நடுவே நிகழ்ந்த வீழ்ச்சி தற்செயலானதல்ல என்றே நாம் எண்ணுகிறோம்.

ஜெர்மனியின் கணக்கு எளிமையானது. ரஷ்யா வீழ்ந்துவிட்டது, 1918 மார்ச் 3ல் ப்ரெஸ்ட்-லிடோவ்ஸ்க் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கிழக்கிலிருந்து பல டிவிஷன்கள் ரயிலேறி மேற்கே வந்தன. மறுபக்கம் அமெரிக்க வீரர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கத் தொடங்கியிருந்தனர். பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் ஜெர்மானிய நகரங்கள் பட்டினியில் கிடந்தன. 1916-17 குளிர்காலத்தை மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று கடந்தார்கள். எனவே ஜெர்மனியின் கையில் இருந்தது சில மாத அவகாசம் மட்டுமே.

அந்த அவகாசத்துக்குள் அவர்கள் ஒரு புதிய போர்முறையை உருவாக்கியிருந்தனர். தோளோடு தோள் வரிசையாக நடந்து சென்று இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாகும் பழைய முறை கைவிடப்பட்டது. சிறு குழுக்கள், கையெறிகுண்டுகள், எடை குறைந்த இயந்திரத் துப்பாக்கிகள், தீயுமிழும் கருவிகள். எதிரியின் வலுவான காவல்நிலைகளை விட்டு விலகி, இடைவெளிகள் வழியே உள்ளே ஊடுருவ வேண்டும். விடுபட்டவற்றைப் பின்னால் வருபவர்கள் முடிப்பார்கள். இதற்காகப் படையே தரம் பிரிக்கப்பட்டது. இளையவர்களும் உடல்வலு உள்ளவர்களும் தாக்கும் டிவிஷன்களுக்கு. முதியவர்கள் அகழிகளைக் காக்க. பயிற்சி, ஆயுதம், குதிரைகள் எல்லாவற்றிலும் முந்தையோருக்கே முதலிடம்.

மார்ச் 21 அதிகாலை 4.40க்கு 6,000க்கும் மேற்பட்ட பீரங்கிகள் ஒரே சமயத்தில் முழங்கின. ஐந்து மணிநேரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள், நச்சுவாயுவும் கலந்து. பிறகு அடர்ந்த மூடுபனிக்குள்ளிருந்து காலாட்படை வெளிப்பட்டது. பிரிட்டிஷ் ஐந்தாம் படையின் முன்வரிசை சிதறியது. அன்று ஒருநாளில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 21,000. மூன்றாண்டுகளாகக் கெஜக்கணக்கில் நகர்ந்த போர்முனை இப்போது ஒரு நாளில் மைல்கணக்கில் நகர்ந்தது. இரண்டு வாரங்களில் அவர்கள் முன்னேறிய தொலைவு சில இடங்களில் 65 கிலோமீட்டர்.

எதை நோக்கி முன்னேறினார்கள் என்ற கேள்வியைத்தான் இங்கே எழுப்பவேண்டும். முதலில் ஒரு துளையைப் போடுவோம், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்பதே லூடன்டார்ஃபின் நிலைப்பாடாக இருந்தது. எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே படை பாய்ந்தது, சரிவைத் தேடும் நீர்போல. ஆனால் நீருக்கு இலக்கு இல்லை. பிரிட்டிஷ் படைகளின் ரயில் தொடர்புகளுக்கு உயிர்நாடியான அமியேன் நகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாக்குதலின் முழு வலுவும் அதன்மேல் குவிக்கப்படவில்லை.

அத்துடன் அவர்கள் பாய்ந்த நிலம் எப்படிப்பட்டது? ஓராண்டுக்கு முன், 1917 பிப்ரவரி-மார்ச்சில், ஜெர்மானியர் பின்வாங்கியபோது தம் கையாலேயே பாழாக்கிய நிலம் அது. ஊர்களை இடித்து, ரயில்பாதைகளைப் பெயர்த்து, கிணறுகளைக் கெடுத்து, பழமரங்களைக்கூட வெட்டிச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கப்பால் 1916ன் சோம் போர்க்களம், குண்டுக்குழிகளால் அம்மைத்தழும்பேறிய பாலை. எதிரிக்கு உணவும் நிழலும் பாதையும் இருக்கக்கூடாது என்று அவர்கள் எரித்த நிலத்தில், இப்போது அவர்களுக்கே உணவும் நிழலும் பாதையும் இல்லை. பீரங்கிகளை இழுக்கக் குதிரைகள் போதவில்லை. காலாட்படை தன் பீரங்கிகளைப் பின்னால் விட்டு வெகுதூரம் வந்துவிட்டிருந்தது.

மார்ச் 26ல் அல்பெர் நகரம் வீழ்ந்தது. அங்கே வீரர்கள் முன்னேறுவதை விட்டுவிட்டு மதுக்கிடங்குகளைச் சூறையாடினர் என்ற நிகழ்வை எழுத்தாளரும் ராணுவ அதிகாரியுமான ருடால்ஃப் பிண்டிங் பதிவுசெய்தது புகழ்பெற்றது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இக்காட்சி மிகவும் உவப்பானது. ஒரு பேரரசு மதுக்குப்பியில் தடுக்கி விழுந்ததாகச் சொல்வதில் ஒரு கதைச்சுவை இருக்கிறது. ஆனால் தாக்குதலை நிறுத்தியது மது அல்ல. களைப்பு, பட்டினி, தொலைவு, புதிதாக வந்துசேர்ந்த எதிரிப்படைகள். நான்காண்டு பசித்தவன் எதிரியின் கிடங்கில் வெள்ளை ரொட்டியையும் இறைச்சியையும் கண்டபோது, எதிரியும் பட்டினி கிடக்கிறான் என்று தன் தளபதிகள் சொல்லிவந்தது பொய் என்று அறிந்திருப்பான். அந்த அறிதலே மதுவைவிட வலியது.

ஏப்ரல் 5ல் தாக்குதல் நிறுத்தப்பட்டது. கிடைத்தது சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பாழ்நிலம். ஜெர்மனி இழந்தது கொன்றும் காயம்பட்டும் சிறைப்பட்டும் ஏறத்தாழ 2,40,000 பேரை. நேச நாடுகளின் இழப்பும் அதற்குக் குறைவானதல்ல. ஆனால் அவர்களுக்கு அட்லாண்டிக்கைக் கடந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். ஜெர்மனி இழந்தவர்களோ பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதற்கு ஒப்பானது அது. பின்னும் ஜூலை வரை நான்கு தாக்குதல்கள். ஆகஸ்ட் 8ல் அமியேன் அருகே நேச நாடுகள் திருப்பி அடித்தபோது எதிர்த்து நிற்க ஆள் போதவில்லை.

லூடன்டார்ஃபின் இளைய வளர்ப்பு மகன், விமானி, அந்த மார்ச் நாட்களிலேயே கொல்லப்பட்டான். புதிதாகப் பிடித்த நிலத்தில் இருந்த ஒரு புதைகுழியில் அவன் உடலைத் தளபதியே அடையாளம் காண நேர்ந்தது. அந்தத் தந்தையின் துயரத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அது அவரை நிறுத்தவில்லை. போர் முடிந்தபின் அவர், களத்தில் தோற்காத படையை உள்நாட்டினர் முதுகில் குத்திவிட்டனர் என்ற கதையைப் பரப்பினார். 1923ல் ஹிட்லருடன் சேர்ந்து முனிக் நகரில் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் முயன்றார்.

அந்தப் பொய்யின் விதை மார்ச் 21ன் வெற்றியில்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வரைபடத்தில் கோடு முன்னே நகர்ந்துகொண்டிருக்கும்போது தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒரு தேசத்துக்கு எப்படிப் புரியவைப்பது? போர் முடிந்தபோதும் ஜெர்மானியப் படை அந்நிய மண்ணில்தான் நின்றிருந்தது. எனவே தோல்விக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான். அவனைத் தேடிய தேடல் எங்கே கொண்டுசென்றது என்பதை அடுத்த கால்நூற்றாண்டு காட்டியது.