ஜீவாமிர்தம்

ஜீவாமிர்தம் என்பது மண்ணில் நுண்ணுயிர்களைப் பெருக்க இயற்கை வேளாண்மையில் பயன்படும் நொதித்த கரைசல். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் இதைப் பரவலாக்கினார். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் (1938–2013) முன்னெடுத்த இயற்கை வேளாண்மை இயக்கம் இத்தகைய கரைசல்களை உழவர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

செய்முறை: ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி ஆகியவற்றைக் கரைத்து நிழலில் வைக்க வேண்டும். தினமும் இருமுறை குச்சியால் கலக்கிவிட்டால், 48 மணி நேரத்தில் நுரைத்துப் புளித்த வாடை வரும். இதைப் பாசன நீரோடு கலந்து விடலாம்.

செயல்படும் விதம்: சாணமும் வரப்பு மண்ணும் நுண்ணுயிர்களைத் தருகின்றன. வெல்லம் அவற்றுக்கு ஆற்றலையும் பயறு மாவு புரதத்தையும் அளிக்கின்றன. கரைசலில் பயிர்ச்சத்து குறைவு. எனவே இது மட்கு உரத்துக்கு மாற்றாகாது.

பயன்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு, வாசுதேவநல்லூர்: தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர்ப் பகுதியில் நெல், கரும்பு, எலுமிச்சை விளைகின்றன. இங்குள்ள வயல்களில் கரும்புத் தோகையை எரித்தால் அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் வீணாகும். அதைப் பார்களில் மூடாக்காகப் பரப்பியோ சாணத்துடன் அடுக்கி மட்கச் செய்தோ ஜீவாமிர்தம் தெளித்தால், நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும், மண்ணில் ஈரம் தங்கும், மண்புழுக்கள் பெருகும்.