தவறான விடையும் பாடம் சொல்லும்

தேர்வுத்தாளில் தவறான விடையைக் கண்டால் ஆசிரியர் என்ன செய்வார்? சிவப்பு மையால் ஒரு கோடு, அடுத்த தாள். 1919-இல் பாரிஸ் சென்ற ஓர் இளைஞர் அவ்வாறு செய்யவில்லை.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே நத்தையினங்களை ஆராய்ந்து 1918-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். பாரிஸில் அவருக்குக் கிடைத்த பணி, சிரில் பர்ட் வகுத்த ஆங்கில வினாக்களைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கேற்பத் தரப்படுத்துவது. சரியான விடைகளை எண்ணினாலே போதும். அவரோ தவறு செய்த குழந்தையிடம் "ஏன் அப்படி?" என்று கேட்டார். ஒத்த வயதினர் ஒரேவிதமான தவறுகளையே செய்யக் கண்டார். குழந்தையின் சிந்தனைக்கெனத் தனி ஒழுங்கு உண்டு என்பது அவருக்குப் புலனாயிற்று. அறிதல்சார் கற்றல் கொள்கைக்கு அது ஓர் அடித்தளம்.

இது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. மேலே எறியப்பட்ட நாணயத்தின்மீது செயற்படும் விசைகள் யாவை? 1982-இல் ஜான் கிளமென்ட் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பொறியியல் மாணவர் பெரும்பாலோர் மேல்நோக்கியும் ஒரு விசையை வரைந்திருந்தனர். காற்றுத்தடையை நீக்கினால் அங்குள்ளது புவியீர்ப்பு விசை மட்டுமே.

என் வகுப்பிலும் இதே விடைதான். முன்பெல்லாம் அதை அடித்துவிட்டு நியூட்டன் விதியை மீண்டும் ஒப்பிப்பேன். அடுத்த தேர்விலும் அதே அம்புக்குறி வரும்! இப்போது சுண்ணக்கட்டியை மேலே எறிந்து, "அந்த விசையைத் தருவது எது?" என்று கேட்கிறேன். "கை, சார்" என்பார்கள். "கைதான் விட்டுவிட்டதே?" என்றதும் அவர்களுக்குள்ளேயே வாதம் எழுகிறது. விதியை அதன் பிறகே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை தவறாக விடை சொன்னால், திருத்துமுன் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்.