கறி வெந்துருச்சா?

பி.காம். படிக்கிறவன் பேலன்ஸ் ஷீட்டை விட்டுவிட்டு ஆட்டுக்கறி வரலாறு எழுதலாமா என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

விராலிமலையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "கறி வெந்துருச்சா?" என்பதுதான். கேட்பது அப்பத்தா. பல் பாதிக்கு மேல் போய்விட்டது. கறி பஞ்சு மாதிரி இல்லாவிட்டால் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடும். குக்கரில் ஏழு விசில் வைத்தும் சில வாரம் அப்படித்தான் ஆனது. குக்கரே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று தேடப்போய், சங்க இலக்கியத்தில் போய் நின்றேன்!

பத்துப்பாட்டில் ஒன்று பொருநராற்றுப்படை. பாடியவர் முடத்தாமக்கண்ணியார், பாடப்பட்டவன் கரிகால் சோழன். பசியோடு வந்த கலைஞர்களுக்கு அவன் போட்ட விருந்து அதில் வருகிறது. அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் தொடைக்கறியை வேகவைத்துக் கொடுக்கிறான். கொழுப்புள்ள பெரிய துண்டுகளை இரும்புக் கம்பியில் குத்திச் சுட்டுக் கொடுக்கிறான். சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுகிறார்கள். இராப்பகலாகத் தின்று, நிலத்தை உழுது தேய்ந்த கொழு மாதிரிப் பல்லே மழுங்கிப் போனதாம்!

படிக்கும்போது சிரிப்பு வந்தது. யோசித்தால் அதில் ஒரு சமையல் கணக்கு இருக்கிறது. தொடை, ஆடு நடந்து நடந்து உழைத்த சதை. அதை இணைக்கிற நாரில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். தண்ணீரில் மெதுவாக, நெடுநேரம் வெந்தால்தான் அது கரைந்து ஜெலட்டின் ஆகும், கறியும் மெத்தென்று ஆகும். தொடையை நேராக நெருப்பில் வாட்டினால் காய்ந்து நாராகிவிடும். கொழுப்புள்ள துண்டு அப்படியில்லை, சுடும்போது கொழுப்பு உருகிக் கறியைக் காயவிடாது. எந்தத் துண்டை வேகவைப்பது, எதைச் சுடுவது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மசாலா? மிளகாய் அப்போது இங்கே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்ச்சுகீசியர் மூலம் வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகுதான். சங்க நூல்களில் "கறி" என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். இன்று நாம் அதே சொல்லைச் சொல்லிக் கடையில் அரைக்கிலோ ஆட்டிறைச்சி வாங்குகிறோம் :)

கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவதும் ஆதிகால வழக்கம் அல்ல. பப்பாளியும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். குக்கர் அதைவிடப் புதுசு. இந்தியாவில் 1950-களில்தான் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆவியை அடைத்து வைப்பதால் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நேரத்தைச் சுருக்குகிறது.

ஆக, "பாரம்பரியம்" என்று ஹோட்டல் போர்டில் எழுதுகிற சிவப்புக் குழம்பில் பாதிச் சாமான் பிற்பாடு வந்தது. உண்மையிலேயே பழசு எது என்றால் துண்டு பார்த்து வாங்குவதும், தீயைக் குறைத்துக் காத்திருப்பதும்தான்.

போன ஞாயிறு சோதித்துப் பார்த்தேன். தொடைக்கறி, சின்ன வெங்காயம், மிளகு, உப்பு, மண்சட்டி, சின்னத் தீ. அப்பத்தா சொன்னபடி ஒரு துண்டு கொட்டாங்குச்சியும் உள்ளே போட்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டு சிலிண்டர் காலியாகும் என்று அம்மா திட்டினார்கள்.

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி மென்றது. பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் ரெண்டு துண்டு வையிடா" என்றது.

உங்கள் வீட்டில் கறி வேக என்ன வழி? சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு முயற்சி செய்கிறேன்.